அந்தப் படத்தில் என்ன இருந்தது?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு போன். பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு திரையிடலில் பார்த்துப் பேசிய இளைஞர். அன்றைக்கு அவருடைய நாற்பது நிமிடப் படத்தைப் போட்டார்கள். சொந்தக் காசு, நண்பர்கள் காசு என்று எடுத்த படம். வந்திருந்தது முப்பது பேர் இருப்போம். நான் வீட்டுக்கு வந்து அன்று இரவே அதைப் பற்றி எழுதினேன்.

"சார், நீங்க அப்ப என் படத்தைப் பத்தி ஒரு கட்டுரை எழுதினீங்கல்ல, அது இன்னும் இருக்கா?"

இருந்தது. எதற்கு என்று கேட்டேன். படம் இருந்த ஹார்ட் டிஸ்க் செத்துப்போய்விட்டது. இன்னொரு பிரதி ஒரு நண்பரிடம் இருந்தது, அவர் இரண்டு வீடு மாறியதில் அது எங்கே போனது என்று தெரியவில்லை. விழாக்களுக்கு அனுப்ப வேண்டும் என்பதால் யூட்யூபில் ஏற்றாமல் வைத்திருந்தார், பிறகு அப்படியே விட்டுப்போயிற்று. இப்போது அதே கதையை முழுநீளப் படமாக எடுக்கலாமா என்று ஒருவர் கேட்கிறாராம்.

"ஸ்கிரிப்ட் இருக்கு சார். ஆனா பேப்பர்ல இருந்ததை நாங்க எடுக்கல. ஸ்பாட்ல நிறைய மாத்தினோம். என்ன பண்ணினோம்னு எனக்கே முழுசா ஞாபகம் இல்ல. நீங்க எழுதினதுல ஏதாவது இருக்குமான்னுதான்..."

அனுப்புவதற்கு முன் நானே ஒரு முறை படித்துப் பார்த்தேன். படித்து முடித்ததும் அனுப்பவே கூச்சமாக இருந்தது.

தொள்ளாயிரம் சொற்கள் இருக்கும். முதல் பத்தியில் தமிழ் சினிமாவின் வணிகப் போக்கைத் திட்டியிருந்தேன். அடுத்த இரண்டு பத்திகளில் அவர் எப்படிக் கடன் வாங்கினார், கேமராவை எத்தனை நாள் வாடகைக்கு எடுத்தார் என்ற கதை. பிறகு 'நேர்மை', 'கவித்துவம்', 'வலி'. 'யதார்த்தம்' என்ற சொல் மட்டும் நான்கு இடத்தில். இரண்டு ஐரோப்பிய இயக்குநர்களின் பெயர். கடைசியில், இப்படிப்பட்ட முயற்சிகளை நாம் ஆதரிக்க வேண்டும் என்று ஒரு வேண்டுகோள். கதையைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம்: மில் வேலை போன ஒருவரின் ஒரு நாள். அவ்வளவுதான்.

ஒரு ஷாட் கூட இல்லை. அந்த மனிதர் எங்கே நின்றார், யாரோடு பேசினார், படம் எப்படி முடிந்தது, எதுவும் இல்லை.

எனக்கு இதில் ஏன் இவ்வளவு வெட்கம் என்றால், என் பகல் வேலை சாஃப்ட்வேர். டெஸ்டிங்கில் இருப்பவர் "லாகின் பக்கம் சரியில்லை" என்று மட்டும் எழுதி பக் ரிப்போர்ட் போட்டால், அதைத் திருப்பி அனுப்பிவிடுவோம். எந்த வெர்ஷன்? என்ன செய்தீர்கள்? என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தீர்கள்? என்ன நடந்தது? இந்த நாலு கேள்விக்கும் பதில் இருந்தால்தான், அந்த அறையில் இல்லாத ஒருவர் அதைப் படித்து விஷயத்தைப் புரிந்துகொள்ள முடியும். இருபது வருடமாக மற்றவர்களிடம் இதை வற்புறுத்திவிட்டு, ஒரு படத்தைப் பற்றி எழுதும்போது மட்டும் "மிகவும் யதார்த்தமாக இருக்கிறது" என்று எழுதி முடித்திருக்கிறேன்.

சுயாதீனப் படங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் முதலில் செய்ய வேண்டியது என்ன என்று அந்தப் போனுக்குப் பிறகு யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஆதரிப்பதா, தரம் பிரிப்பதா, அறிமுகம் செய்வதா? எல்லாம் வேண்டும்தான். ஆனால் அதற்கெல்லாம் முன்னால், திரையில் என்ன இருந்தது என்று எழுதி வைப்பது. பெரிய படத்துக்கு இது அவ்வளவு முக்கியமில்லை. அது தியேட்டரில் ஓடும், டிவியில் வரும், பாட்டுகள் தனியாகச் சுற்றும், எங்கேயாவது ஒரு பிரதி மிஞ்சும். சின்னப் படத்துக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. சில நேரம் நாம் எழுதுகிற இரண்டு பக்கம்தான் மிஞ்சும்.

இதை மிகைப்படுத்திச் சொல்வதாகத் தோன்றினால், ஒரு பழைய கதையைச் சொல்கிறேன். நடந்தது நியூயார்க்கில். சுயாதீன சினிமா பற்றிய எழுத்து என்றாலே எல்லோரும் எடுத்துக்காட்டும் ஒருவரும், அந்த வகைப் படங்களின் தொடக்கமாகச் சொல்லப்படும் ஒரு படமும் சம்பந்தப்பட்ட கதை.

இரண்டு 'ஷேடோஸ்'

1957. ஜான் கஸவெட்டிஸ் என்ற இளம் நடிகர் நியூயார்க்கில் ஒரு நடிப்புப் பட்டறை நடத்திவந்தார். அங்கே செய்த ஒரு பயிற்சியிலிருந்து ஒரு படம் எடுக்கலாம் என்று யோசனை. ஜீன் ஷெப்பர்டின் இரவு நேர வானொலி நிகழ்ச்சியில் போய், சாதாரண மனிதர்களைப் பற்றி ஒரு படம் வேண்டும் என்றால் ஆளுக்குக் கொஞ்சம் பணம் அனுப்புங்கள் என்றார். கேட்டவர்கள் நிஜமாகவே அனுப்பினார்கள், ஏறத்தாழ இரண்டாயிரம் டாலர். இன்றைய கிரவுட் ஃபண்டிங்கின் தாத்தா என்று சொல்லலாம். 16 எம்எம் கேமராவில், பட்டறையில் இருந்தவர்களையே நடிக்க வைத்து எடுத்த படம்தான் 'ஷேடோஸ்'. ஒரு அண்ணன், ஒரு தம்பி, ஒரு தங்கை. கறுப்பினக் குடும்பம். அண்ணனைப் பார்த்தால் தெரியும்; மற்ற இருவரும் வெள்ளையராகவே தோன்றும் அளவுக்கு வெளிர் நிறம். தங்கையைக் காதலிக்கும் வெள்ளை இளைஞன் வீட்டுக்கு வருகிறான், அண்ணனைப் பார்க்கிறான். அந்த நொடியில் அவன் முகம் மாறுகிறது.

1958 கடைசியில் இந்தப் படத்தை நியூயார்க்கின் பாரிஸ் தியேட்டரில் நள்ளிரவுக் காட்சியாக இலவசமாகப் போட்டார்கள். பார்த்தவர்களில் ஒருவர் ஜோனஸ் மேகஸ். லிதுவேனியாவிலிருந்து அகதியாக 1949-இல் நியூயார்க் வந்தவர். 'ஃபிலிம் கல்ச்சர்' என்ற பத்திரிகையை நடத்தியவர். 1958 முதல் 1975 வரை 'வில்லேஜ் வாய்ஸ்' வார இதழில் பத்தி எழுதியவர். படம் அவரை உலுக்கிவிட்டது. 'ஃபிலிம் கல்ச்சர்' புதிதாக ஏற்படுத்திய சுயாதீனத் திரைப்பட விருதின் முதல் பரிசே 1959-இல் இந்தப் படத்துக்குத்தான்.

ஆனால் கஸவெட்டிஸுக்குத் தன் படம் பிடிக்கவில்லை. 1959-இல் நடிகர்களை மறுபடியும் கூட்டி, புதிய காட்சிகளை எழுதி எடுத்து, படத்தைப் பெரிய அளவில் மாற்றி வெட்டினார். அந்த ஆண்டு நவம்பரில் 'சினிமா 16' என்ற திரைப்படச் சங்கத்தில் புதிய வடிவம் திரையிடப்பட்டது. உலகம் இன்று 'ஷேடோஸ்' என்று பார்ப்பது இதைத்தான். மேகஸ் கொதித்துப்போனார். முதல் வடிவம்தான் உண்மையான படம், இது ஹாலிவுட்டுக்கு விட்டுக்கொடுத்தது என்று 1960 தொடக்கத்தில் தன் பத்தியில் எழுதினார். கஸவெட்டிஸ் பதில் கடிதம் எழுதினார்: முதல் வடிவத்தில் நான் கேமராவையும் உத்திகளையும் காதலித்தேன், மனிதர்களைக் கோட்டைவிட்டுவிட்டேன், இரண்டாவதுதான் நல்ல படம் என்கிற பொருளில்.

யார் சொன்னது சரி?

சரிபார்க்க வழியில்லாமல் போயிற்று. முதல் வடிவம் காணாமல் போய்விட்டது. நாற்பத்தைந்து வருடம் அது யார் கண்ணிலும் படவில்லை. அத்தனை காலமும் அந்தப் படம் உயிரோடு இருந்தது விமர்சனத்தில் மட்டும்தான்.

இந்த இடத்தில்தான் எனக்கு என் தொள்ளாயிரம் சொற்கள் ஞாபகம் வருகின்றன. மேகஸ் முதல் வடிவத்தைப் பற்றிச் சொன்னவை பெரும்பாலும் பண்புகள். உடனடித் தன்மை, புத்துணர்ச்சி, திட்டமிடாத வேகம், தொழில்முறைச் சினிமாவின் கெட்டித்தனம் இல்லாத விடுதலை. உணர்ச்சி உண்மையானது, சந்தேகமே இல்லை. ஆனால் இன்ன காட்சி இப்படித் தொடங்கி இப்படி முடிந்தது, புதிய வடிவத்தில் அது இல்லை என்று வரிசையாக எழுதிவைத்திருந்தால், அடுத்த தலைமுறை அந்தச் சண்டையைப் பற்றித் தானே முடிவெடுத்திருக்கும். அப்படி இல்லாததால், மேகஸை நம்புகிறவர்கள் ஒரு பக்கம், கஸவெட்டிஸை நம்புகிறவர்கள் ஒரு பக்கம் என்று ஆகிவிட்டது.

இதில் இன்னொரு வேடிக்கை. நீங்கள் பார்த்த படம் முழுக்க இம்ப்ரொவைசேஷன் என்று இரண்டாவது வடிவத்தின் முடிவில் ஒரு அட்டை வரும். புதிய காட்சிகள் எழுதி எடுத்தவை. ஆனாலும் பல வருடம் விமர்சகர்கள் அந்த அட்டையையே விமர்சனமாக எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒரு படம் தன்னைப் பற்றித் தானே சொல்வதை நம்பிவிட்டால் திரையைப் பார்க்க வேண்டிய வேலை மிச்சம்!

கடைசியில் ரே கார்னி என்ற பேராசிரியர், பல வருடம் விடாமல் தேடி, முதல் வடிவத்தின் ஒரு பிரின்டைக் கண்டுபிடித்தார். அவர் சொல்லும் கதை நம் ஊர்க் கதை மாதிரியே இருக்கும். யாரோ அந்தப் பெட்டியை நியூயார்க் சப்வேயில் மறந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். உரிமை கோராத பொருட்களின் ஏலத்தில் ஒரு பழைய பொருள் வியாபாரி எடுத்திருக்கிறார். பிறகு ஃப்ளோரிடாவில் ஒரு வீட்டுப் பரணில் கிடந்திருக்கிறது. 2004 ஜனவரியில் ராட்டர்டாம் விழாவில் திரையிட்டார்கள். உடனே உரிமைப் பிரச்சினை எழுந்தது. கஸவெட்டிஸின் மனைவி ஜெனா ரோலண்ட்ஸ் எதிர்ப்புத் தெரிவித்தார். படம் மறுபடியும் இருட்டுக்குள் போயிற்று. ராட்டர்டாமில் உட்கார்ந்து பார்த்தவர்கள் எழுதியதைப் படித்துத்தான் நாம் இன்றும் அதைத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

மேகஸைக் குறை சொல்வதற்கு முன்

ஒரு நிமிடம். மேகஸை மட்டம் தட்டுவது என் நோக்கமில்லை, அந்தத் தகுதியும் எனக்குக் கிடையாது. அவர் தன்னை நீதிபதியாக நினைக்கவே இல்லை, மருத்துவச்சியாகத்தான் நினைத்தார். பிறக்கிற குழந்தைக்கு மார்க் போடுவது மருத்துவச்சியின் வேலை இல்லையே. வாரா வாரம் அவர் கத்திய கத்தலில்தான் அந்த ஊரில் அப்படிப்பட்ட படங்களுக்கு ஒரு கூட்டம் உருவானது. எழுத்தோடு நிற்கவும் இல்லை. 1962-இல் படமெடுப்பவர்களே தங்கள் படங்களை விநியோகிக்க ஒரு கூட்டுறவை நண்பர்களோடு சேர்ந்து தொடங்கினார். 1970-இல் 'ஆந்தாலஜி ஃபிலிம் ஆர்கைவ்ஸ்' என்ற காப்பகம். பிரின்டைப் பாதுகாக்காமல் பாராட்டிப் பயனில்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

1964-இல் ஜாக் ஸ்மித் எடுத்த 'ஃப்ளேமிங் க்ரீச்சர்ஸ்' படத்தைத் திரையிட்டதற்காகப் போலீஸ் பிரின்டைப் பறிமுதல் செய்து மேகஸைக் கைது செய்தது. ஆபாச வழக்கில் தண்டனை, பிறகு அது நிறுத்திவைக்கப்பட்டது. ஒரு படத்துக்காகக் கைதாகத் தயாராக இருந்த விமர்சகர்கள் எத்தனை பேர்?

ஆனால் அதே ஆண்டு, அதே படத்தைப் பற்றி, அதே ஊரில் இன்னொருவரும் எழுதினார். சூசன் சொன்டாக், 'தி நேஷன்' இதழில். அந்தக் கட்டுரையைப் படித்தால், படத்தைப் பார்க்காதவருக்கும் திரையில் என்ன தெரிகிறது என்று புரியும். பழந்துணிக் கடையில் வாங்கிய பகட்டான பெண் உடைகளில் ஆண்கள், கூடவே சில பெண்கள், ஆடுகிறார்கள், போஸ் கொடுக்கிறார்கள். காலாவதியான ஃபிலிமில் எடுத்ததால் படம் முழுக்க ஒரு வெளிறிய வெண்மை. ஃபிலிம் ரோலின் வயது கூட விமர்சனத்தில் இருக்கிறது! போலீஸ் அலமாரியில் பூட்டிக் கிடந்த படத்தை வாசகருக்குக் காட்டியது அந்த எழுத்துதான். அதே ஆண்டு எழுதிய இன்னொரு புகழ்பெற்ற கட்டுரையில், படைப்பைத் தோண்டிப் பொருள் எடுப்பதை நிறுத்திவிட்டு அது எப்படி இருக்கிறது என்று அன்போடும் துல்லியமாகவும் விவரியுங்கள் என்று அவர் கேட்டார். சொன்னதைச் செய்தும் காட்டினார்.

மேகஸும் வேண்டும், சொன்டாகும் வேண்டும். ஆனால் நாம் பெரும்பாலும் மேகஸின் குரலை மட்டும் எடுத்துக்கொண்டோம். அதிலும் அவர் செய்த வேலையை விட்டுவிட்டு.

நம் பக்கத்துப் பழக்கங்கள்

தமிழில் சுயாதீனப் படங்களைப் பற்றி வரும் எழுத்தில், என்னுடையதையும் சேர்த்து, மூன்று பழக்கங்களைப் பார்க்கிறேன்.

முதல் பழக்கம், கஷ்டக் கதை. இயக்குநர் எத்தனை வருடம் அலைந்தார், எதை விற்றார், எந்த வெயிலில் எடுத்தார். பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' 2021-இல் ராட்டர்டாமில் டைகர் விருது வாங்கியபோது வந்த கட்டுரைகளை ஞாபகப்படுத்திப் பாருங்கள். விருது, அதைத் தயாரித்த நட்சத்திரங்கள், மேலூர்ப் பக்கத்து வெயில், இயக்குநரின் அக்கா நிஜமாகவே பதிமூன்று கிலோமீட்டர் நடந்த கதை. எல்லாம் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். ஆனால் படம்?

படத்தில் ஒரு குடிகார அப்பா, கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போன மனைவியை அழைத்துவர மகனையும் இழுத்துக்கொண்டு போகிறார். திரும்பும்போது நடை. பொட்டல் காடு. அப்பா முன்னால், பையன் பின்னால். பையன் கையில் ஒரு உடைந்த கண்ணாடித் துண்டு. வெயிலை அதில் பிடித்து அப்பாவின் முதுகில் அடிக்கிறான். ஒரு வசனமும் இல்லை. அந்தப் பையனால் அப்பாவைத் திருப்பி அடிக்க முடியாது. அந்த நிலத்தில் தாராளமாகக் கிடைக்கிற ஒரே பொருள் வெயில், அதையே ஆயுதமாக எடுத்துக்கொள்கிறான். பிறகு தாகத்துக்கு ஒரு கூழாங்கல்லை எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறான். வீட்டுக்கு வந்து அதை வைக்கும்போது, அங்கே ஏற்கெனவே ஒரு குவியல் கற்கள் இருக்கின்றன. இது முதல் நடை இல்லை என்று நமக்கு அப்போதுதான் புரிகிறது. கடைசியில் பெண்கள் ஒரு குழியிலிருந்து தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளுவதைக் கேமரா பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இவ்வளவு நேரம் ஆண்களின் கோபத்தைப் பார்த்த படம், அந்த ஊரை நிஜமாக நடத்துவது யார் என்று முடிவில் காட்டுகிறது. எழுபத்தைந்து நிமிடப் படத்தில் இவை இருக்கின்றன. "யதார்த்தம்" என்ற சொல்லில் இவற்றில் எதுவும் இல்லை.

இரண்டாவது பழக்கம், வெளிநாட்டுப் பெயர். ஈரானியப் படம் மாதிரி, ப்ரெஸ்ஸோன் மாதிரி. 1977-இல் ஜான் ஆபிரஹாம் எடுத்த 'அக்ரஹாரத்தில் கழுதை' பற்றிப் பேச்சு வந்தால், இரண்டாவது வாக்கியத்தில் ப்ரெஸ்ஸோனின் 'பல்தஸார்' வந்துவிடும். தொடர்பு உண்மைதான், அந்தத் தூண்டுதல் எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் இரண்டு படத்திலும் கழுதைக்கு என்ன ஆகிறது என்று எழுதிப் பாருங்கள். ப்ரெஸ்ஸோனின் கழுதை கை மாறிக் கை மாறித் துன்பப்பட்டு, முடிவில் ஆட்டு மந்தைக்கு நடுவே செத்துப்போகிறது. அதோடு படம் முடிகிறது. நம் கழுதையை அக்ரஹாரத்தார் அடித்துக் கொன்ற பிறகுதான் விஷயமே சூடு பிடிக்கிறது. அற்புதங்கள் நடக்கின்றன, கொன்றவர்களே கும்பிட ஆரம்பிக்கிறார்கள், கோயில் கட்டலாம் என்கிறார்கள், கடைசியில் எல்லாவற்றையும் நெருப்பு எடுத்துக்கொள்கிறது. ஒன்று துன்பத்தைப் பற்றிய படம். மற்றது, கொன்றதைக் கும்பிட்டுக் கணக்குத் தீர்க்கும் ஒரு சமூகத்தைப் பற்றிய படம். "ப்ரெஸ்ஸோன் மாதிரி" என்று எழுதினால் இந்த வித்தியாசம் காணாமல் போகிறது. இந்தப் படத்தின் திரைக்கதையை எழுதியவரே ஒரு விமர்சகர், வெங்கட் சாமிநாதன். அவர் படத்தையாவது நாம் ஒழுங்காக விவரித்திருக்க வேண்டாமா?

மூன்றாவது பழக்கம் கருணை. சின்னப் படம், பாவம், ஏன் குறை சொல்ல வேண்டும் என்பது. இதை நான் நிறையச் செய்திருக்கிறேன். இப்போது நினைத்தால் அது ஒரு வகை அலட்சியம் என்று தோன்றுகிறது. நல்ல படத்துக்கும் சுமாரான படத்துக்கும் ஒரே பாராட்டைக் கொடுத்தால், நல்ல படம் எடுத்தவருக்கு அதில் என்ன மரியாதை?

தயாரிப்புக் கதையே கூடாது என்று சொல்லவில்லை. சில படங்களில் அது படத்தின் வடிவத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஜான் ஆபிரஹாமின் மலையாளப் படம் 'அம்ம அறியான்', 1986. ஒடேசா என்ற குழு ஊர் ஊராகப் போய் சாப்ளினின் 'தி கிட்' படத்தைப் போட்டுக் காட்டி, மக்களிடம் வசூல் செய்த காசில் எடுத்தது. எல்லோரும் சொல்லும் கதை இது. படத்தின் கதையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இறந்துபோன ஒரு இளைஞனின் அம்மாவுக்குச் செய்தி சொல்ல ஒருவன் வயநாட்டிலிருந்து கொச்சிக்குக் கிளம்புகிறான். வழியில் ஒவ்வொரு ஊரிலும் ஒரு நண்பன் சேர்கிறான். ஒருவராகக் கிளம்பி, கூட்டமாகப் போய் நிற்கிறார்கள். காசு சேர்ந்த மாதிரியேதான் ஆட்களும் சேர்கிறார்கள். இங்கே வசூல் கதையைச் சொல்லாமல் படத்தை விவரிக்கவே முடியாது. எப்போது சொல்லலாம் என்பதற்கு எனக்கு இதுதான் அளவுகோல்: அந்தக் கதை திரையில் தெரிகிறதா?

எனக்கு நானே போட்டுக்கொண்ட விதிகள்

மற்றவர்களுக்கு உபதேசம் இல்லை. அந்தப் போனுக்குப் பிறகு நான் கடைப்பிடிக்க முயல்கிற சில விஷயங்கள்.

எந்த வடிவத்தைப் பார்த்தேன், எத்தனை நிமிடம், எங்கே, எந்தத் தேதியில் என்று முதலிலேயே எழுதிவிடுவது. விழாவில் காட்டும் வடிவமும் பிறகு வெளியாகும் வடிவமும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. 'ஷேடோஸ்' கதையின் பாதிச் சிக்கல் வெர்ஷன் நம்பர் இல்லாத சிக்கல்.

குறைந்தது ஒரு காட்சியையாவது ஆரம்பத்திலிருந்து முடிவு வரை எழுதுவது. யார் எங்கே இருக்கிறார்கள், என்ன சத்தம் கேட்கிறது, எங்கே வெட்டுகிறார்கள். சத்தத்தை நாம் எப்போதும் விட்டுவிடுகிறோம். சின்னப் படங்களில் பணப் பற்றாக்குறை முதலில் தெரிவதும் அங்கேதான், சமாளித்த புத்திசாலித்தனம் தெரிவதும் அங்கேதான்.

குறை சொல்வதென்றால் இடத்தைக் காட்டிச் சொல்வது. "இரண்டாம் பாதி தொய்வு" என்று எழுதாமல், "ஆஸ்பத்திரிக் காட்சியில் நமக்கு ஏற்கெனவே தெரிந்ததை அந்தப் பெண் மறுபடியும் வாயால் சொல்கிறாள்" என்று எழுதுவது. படம் எடுத்தவர் அதைப் படித்து என்னோடு சண்டை போடலாம். சண்டை போட முடிகிற மாதிரி எழுதுவதுதான் மரியாதை.

இயக்குநர் எனக்குத் தெரிந்தவர் என்றால் அதையும் ஒரு வரியில் சொல்லிவிடுவது. நம் வட்டம் சின்னது, எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும்.

இப்படி எழுதினால் கதை வெளியே தெரிந்துவிடாதா என்று கேட்பீர்கள். தெரியும். முடிவை மறைக்க வேண்டிய படம் என்றால் முன்னாலேயே எச்சரித்துவிடலாம். முப்பது பேர் பார்த்த படத்துக்கு, கதை தெரிந்துபோவது பெரிய ஆபத்தா, கதையே தெரியாமல் போவது பெரிய ஆபத்தா?

மறுபடியும் அந்தப் போன்

கட்டுரையை அனுப்பினேன். படித்துவிட்டு அவர் மறுநாள் கூப்பிட்டார். நல்ல மனிதர், ஒன்றும் சொல்லவில்லை. "நல்லா எழுதியிருக்கீங்க சார்" என்றார். அதைக் கேட்டதும் எனக்கு இன்னும் சங்கடமாகிவிட்டது.

"தம்பி, எழுதாதது ஒண்ணு எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. ஒரு பாட்டி திண்ணையில உக்காந்து சில்லறைய எண்ணுவாங்க. பக்கத்துல ரேடியோ. பேட்டரி தீர்ந்து சத்தம் குறைஞ்சிக்கிட்டே வரும். அவங்க எண்ணிக்கிட்டே இருப்பாங்க. அது அருமையான சீன்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"சார், அது என் படம் இல்ல. அன்னிக்கு முதல்ல ஒரு படம் போட்டாங்களே, அதுல வரும்."

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். வேறு என்ன செய்ய? அந்த முதல் படத்தை எடுத்தவர் யார் என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அதைப் பற்றி நான் ஒரு வரி கூட எழுதவில்லை. திண்ணையும் பாட்டியும் ரேடியோவும் இப்போது இந்தக் கட்டுரையில் மட்டும் இருக்கின்றன. அதுவும் என் ஞாபகம் சரியாக இருந்தால்.

முடிக்கும் முன் ஒரு வேண்டுகோள். ஜெயகாந்தன் தன் சொந்தக் கதையைத் தானே இயக்கி 1965-இல் வெளியிட்ட படம் 'உன்னைப்போல் ஒருவன்'. சேரி மக்களைப் பற்றிய கதை. மூன்றாவது சிறந்த படத்துக்கான தேசிய விருதுச் சான்றிதழ் பெற்றது. தமிழில் சுயாதீனப் படம் என்று பேசத் தொடங்கினால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். நான் பார்த்ததில்லை, பல வருடமாகத் தேடியும் கிடைக்கவில்லை. அந்தப் பெயரைத் தேடினால் கமல்ஹாசனின் 2009 படம்தான் வந்து நிற்கிறது. படித்த குறிப்புகளில் ஜெயகாந்தனின் துணிச்சலும் விருதும் இருக்கின்றன, காட்சிகள் மிகக் குறைவு.

அன்று அதைத் தியேட்டரில் பார்த்தவர்களுக்கு இன்று எழுபது, எண்பது வயது இருக்கும். உங்கள் வீட்டில் அப்படி யாராவது இருந்தால், இன்று சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். படம் நல்லா இருந்ததா என்று கேட்காதீர்கள். எந்தத் தியேட்டர், கூட யார் வந்தார்கள், படத்தில் எந்த இடம் ஞாபகம் இருக்கிறது, அந்த இடத்தில் யார் என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். ஒரு காட்சி கிடைத்தாலும் போதும். எழுதி எனக்கு அனுப்புங்கள், சேர்த்து வைக்கிறேன். வேறு படத்தின் காட்சியாக இருந்தாலும் பரவாயில்லை. அதுவும் ஏதோ ஒரு படத்துக்குச் சொந்தமானதுதானே.